லடாக்கில் ஆப்ரிகாட் மரங்கள் பூப்பதைப் பார்க்க எப்போது போகலாம்?

ஏப்ரலில் போகலாம். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் பூக்காது. சிந்து நதியோரத்துத் தா, ஹனு, நுப்ரா பக்கத்துத் துர்துக் போன்ற தாழ்வான ஊர்கள் முந்திக்கொள்ளும். 3,500 மீட்டர் உயரத்து லேயில் பிறகுதான். ஏப்ரல் நடுவில் போனால் பெரும்பாலும் எங்காவது பூ கிடைத்துவிடும். இலை வருமுன்பே பூ வந்துவிடுவதால் கிளையே தெரியாது. ஐந்து வெளிர் இதழ், அடியில் சிவந்த புல்லி, பின்னால் மொட்டைப் பாறை மலை. பலத்த காற்றடித்தால் சீக்கிரமே கொட்டிவிடும்.

விமானத்தில் லே போனால், உயரத்துக்கு உடல் பழக முதல் இரண்டு நாள் ஓய்வுதான். தலைவலி, வாந்தி வந்தால் அலட்சியம் வேண்டாம். ஸ்ரீநகர் சாலையை மட்டும் நம்பித் திட்டமிடாதீர்கள், அந்த வழியிலுள்ள ஸோஜிலா கணவாயில் ஏப்ரலிலும் பனி விழும்.