காலேஜ் ஸ்டேஷன் கேள்விகள்: மைதானம், மார்க், மிக்சி

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஊரைப் பற்றியவை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன், ஹூஸ்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். 1876ல் விவசாயமும் இயந்திரவியலும் கற்பிக்கத் திறந்த அரசுக் கல்லூரி அது. அன்று ஆண்களுக்கு மட்டும், ராணுவப் பயிற்சியும் கட்டாயம். பெண்களுக்கு முறையாகக் கதவு திறந்தது 1963ல். ராணுவப் பயிற்சி விருப்பப் பாடமானது 1965ல். இன்று 70,000க்கும் மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள். கீழே உள்ள கேள்விகளில் சிலவற்றுக்கு வேர் அந்தப் பழைய ராணுவக் கல்லூரியில்தான் இருக்கிறது.

கே: என் மகன் ஆகஸ்டில்தான் போனான். அதற்குள் ஃபுட்பால் பார்க்க பாஸ் வாங்கியிருக்கிறான். ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் பார்ப்பார்களாம். முந்தின நாள் நடுராத்திரி வேறு மைதானத்துக்குப் போய்க் கத்திவிட்டு வருகிறானாம். படிக்கப் போனானா, கூத்தடிக்கப் போனானா? (ஒரு தாய், திருச்சி)

படிக்கத்தான் போயிருக்கிறான் அம்மா. நிற்பதற்கும் கத்துவதற்கும் காரணம் உண்டு.

1922 ஜனவரி 2, டல்லாஸில் சென்டர் கல்லூரியோடு ஆட்டம் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்). ஏ அண்ட் எம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியேறினார்கள். மாற்று ஆட்களும் தீர்ந்துபோகும் நிலை. பத்திரிகையாளர் மாடத்தில் உதவிக்கு உட்கார்ந்திருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் கீழே கூப்பிட்டு உடுப்பை மாட்டச் சொன்னார். அவர் களத்தில் இறங்கவே இல்லை. ஆனால் கடைசி நிமிடம் வரை ஓரத்தில் தயாராக நின்றார். அதிலிருந்து மாணவர் கூட்டம் முழுக்கத் தன்னை ‘பன்னிரண்டாவது ஆள்’ என்று சொல்லிக்கொள்கிறது. கூப்பிட்டால் இறங்கத் தயார் என்பதற்காகத்தான் உட்காருவதில்லை.

கைல் ஃபீல்ட் மைதானம் 1,02,733 பேர் கொள்ளும். நடுவில் ஒரு பாட்டு வரும்போது மாணவர்கள் பக்கத்திலிருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு வரிசை இடப்பக்கமும் அடுத்த வரிசை வலப்பக்கமுமாக ஆடுவார்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு மாடமே நகர்வதுபோல் இருக்கும். நடுராத்திரிக் கூச்சல் என்பது மறுநாள் போட வேண்டிய கோஷங்களுக்கான ஒத்திகை. வெள்ளை உடையில் நிற்கும் ஐந்து மாணவர்கள் கையால் சைகை காட்டுவார்கள், கூட்டம் அதற்கேற்பக் கத்தும். அந்த ஐவரையும் மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சொந்த ஊர் ஆட்டம் ஒரு பருவத்தில் ஏழு சனிக்கிழமை அளவுக்குத்தான் வரும். ஞாயிறு இரவு சமர்ப்பிக்க வேண்டிய வீட்டுப்பாடத்தை வெள்ளிக்கிழமையே முடிக்கிறானா என்று மட்டும் கேளுங்கள். கார் வைத்திருந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஆட்டத்துக்கு முன் சில நிறுத்துமிடங்களைக் காலி செய்யச் சொல்லி மின்னஞ்சல் வரும். அதைப் படிக்காவிட்டால் கார் இருந்த இடத்தில் இருக்காது.

கே: எம்.எஸ். சேரப்போகிறேன். தொப்பியைக் கழற்று, புல்லில் நடக்காதே, எதிரே வருகிறவருக்கெல்லாம் ‘ஹௌடி’ சொல்லு என்கிறார்கள் சீனியர்கள். இதெல்லாம் கட்டாயமா? (மாணவர், கோவை)

சட்டப்படி எதுவும் கட்டாயமில்லை. ஆனால் மாணவர் மையக் கட்டடத்தைச் சுற்றிய புல்லில் நடக்காதீர்கள். அந்தக் கட்டடமே போர்களில் இறந்த முன்னாள் மாணவர்களின் நினைவகம்; புல்தரையும் அதில் சேர்த்தி. உள்ளே தொப்பியைக் கழற்றுவதும் அதனால்தான். ‘ஹௌடி’ என்பது அந்த ஊர் வணக்கம், சொல்வது உங்கள் இஷ்டம். இரண்டு வாரத்தில் தானாக வந்துவிடும்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். படித்துக்கொண்டிருக்கும் மாணவர் யாராவது இறந்துபோனால், அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய் இரவு பத்தேகால் மணிக்கு வளாகத்தின் நடுவே கூடுவார்கள். விளக்குகளைக் குறைத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் நின்றாலும் யாரும் பேசுவதில்லை. மூன்று முறை துப்பாக்கிகள் முழங்கும். பிறகு எக்காளம் மூன்று முறை ஒலிக்கும்: வடக்கே, தெற்கே, மேற்கே. கிழக்கே ஊதுவதில்லை, இறந்தவருக்கு இனி சூரியன் உதிக்காது என்பதால். இறந்தவரை அறியாதவர்களும் வந்து நிற்பார்கள். இந்த ஊர் எப்படிப்பட்டது என்று எந்த அறிமுக வகுப்பையும்விட அது நன்றாகச் சொல்லிவிடும்.

மரபு என்றாலே எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். ஆண்டுதோறும் மாணவர்களே மரங்களை வெட்டி அடுக்கிச் சொக்கப்பனை கொளுத்தும் வழக்கம் இருந்தது. 1999 நவம்பர் 18 அதிகாலை, கட்டிக்கொண்டிருந்த அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். அதோடு பல்கலைக்கழகம் அதை நிறுத்திவிட்டது. வளாகத்துக்கு வெளியே ஒரு குழு இன்னமும் தன் பொறுப்பில் கட்டுகிறது. அழைத்தால் போகவேண்டாம் என்பது என் கருத்து.

கே: நாங்கள் டல்லாஸ் அருகே இருக்கிறோம். மகளுக்கு எஞ்சினியரிங்கில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எந்தத் துறை என்று கடிதத்தில் இல்லையே? கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். பள்ளியில் முதல் பத்து சதவீதத்தில் வந்தவள். (ஒரு தந்தை)

இதைத்தான் பல பெற்றோர் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்கிறார்கள். பத்து சதவீதச் சட்டம் 1997ல் வந்தது. டெக்சாஸ் பள்ளியில் முதல் பத்து சதவீதத்தில் வந்தவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்கிறதே தவிர, கேட்ட துறை உறுதி என்று சொல்லவில்லை. (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அந்தப் பத்தும் இல்லை. கொஞ்ச காலம் 6 ஆக இருந்தது, 2026 சேர்க்கையிலிருந்து 5.)

ஏ அண்ட் எம்மில் எஞ்சினியரிங் சேர்பவர்கள் முதலாண்டு பொதுப் பிரிவில் படிப்பார்கள். ஆண்டு முடிவில் விரும்பும் துறைகளை வரிசைப்படுத்தி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.75 இருந்தால் முதல் விருப்பம் தானாகக் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் மற்றவர்களோடு போட்டி. கம்ப்யூட்டர் சயின்ஸில் அந்தப் போட்டி கடுமை.

3.75ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அங்கே ஏ-மைனஸ், பி-பிளஸ் கிடையாது. 90 என்றால் ஏ, நான்கு புள்ளி. 89 என்றால் பி, மூன்று புள்ளி. சம எடையுள்ள நான்கு பாடங்களில் மூன்று ஏ, ஒரு பி வாங்கினால் சரியாக 3.75. அதாவது நாலுக்கு ஒரு பி வரை தாங்கும், இரண்டாவது பி தாங்காது. ஒரே ஒரு மதிப்பெண்ணில் துறை மாறிப்போன பிள்ளைகள் உண்டு.

இப்போது ஏ.பி. பாடங்கள், அதாவது பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரப் பாடங்கள். பள்ளியில் கால்குலஸ் ஏ.பி. எழுதியிருப்பாள். அதற்குக் கல்லூரிப் பாடம் முடித்ததாகக் கிடைக்கும் கிரெடிட்டை வைத்து இரண்டு பாடங்களைத் தாண்டி நேராக மூன்றாவது கால்குலஸில் உட்காரலாம். பெற்றோருக்குப் பெருமை, கட்டணமும் மிச்சம். ஆனால் ஏ.பி. கிரெடிட்டுக்குச் சராசரியில் புள்ளி இல்லை. அங்கே உட்கார்ந்து எழுதும் பாடத்துக்குத்தான் உண்டு. தெரிந்த கணக்கிலேயே ஒரு ஏ வாங்கும் வாய்ப்பை விட்டுவிட்டு, தெரியாத கணக்கில் பி வாங்குவதில் என்ன லாபம்? அடித்தளம் உறுதியாக இருந்தால் தாண்டட்டும். சந்தேகம் இருந்தால் முதல் கால்குலஸான ‘மேத் 151’லிருந்தே தொடங்கட்டும்.

அந்தப் பாடத்தின் தேர்வுகள் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாக மாலையில் நடக்கும். கணிதத் துறை வாரந்தோறும் இலவச மீள்பார்வை வகுப்பு நடத்துகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அங்கே போவதைக் கௌரவக் குறைவாக நினைப்பதுதான் சிக்கல். முதல் தேர்வில் 72 வந்த பிறகு போவதைவிட முதல் வாரமே போகச் சொல்லுங்கள். இரண்டாவது விருப்பத்தையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளட்டும். எலெக்ட்ரிக்கலும் இண்டஸ்ட்ரியலும் தண்டனை இல்லை.

கே: ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கட்டணம் பாதிக்கும் கீழே குறையும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்று அந்தத் தொகையைத் தரத் தயார். (மாணவி, மதுரை)

முதல் பாதி ஏறக்குறைய உண்மை. இரண்டாம் பாதி நடக்காது. டெக்சாஸ் சட்டப்படி, குறைந்தது 1,000 டாலர் போட்டி உதவித்தொகை பெறும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் உள்ளூர்க்காரர் கட்டும் கல்விக் கட்டணத்தைக் கட்டினால் போதும். இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் டாலர் வித்தியாசம். ஆனால் அந்த உதவித்தொகையைப் பல்கலைக்கழகத்தின் குழுதான் தரவேண்டும். டெக்சாஸ் மாணவர்களும் அதே போட்டியில் இருந்திருக்க வேண்டும். எத்தனை பேருக்குத் தரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அறக்கட்டளைப் பணத்தை விமான டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, வாரம் 20 மணி நேர உதவியாளர் பணி. அதற்கும் உள்ளூர்க் கட்டணம்தான். பி.எச்டி. மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும், எம்.எஸ்.ஸுக்கு அபூர்வம். எல்லாரும் தங்கள் துறைப் பேராசிரியர்களுக்கே ஒரே கடிதத்தை வரிசையாக அனுப்புகிறார்கள். கற்பித்தல், ஆய்வு தவிர நிர்வாகம் சார்ந்த உதவியாளர் பணிகளும் உண்டு. அவை விடுதி அலுவலகத்திலோ தகவல் தொழில்நுட்பப் பிரிவிலோ சம்பந்தமே இல்லாத வேறு துறையிலோ இருக்கும். அங்கே தேடுங்கள். விடைத்தாள் திருத்தும் வேலையும் சாப்பாட்டுக் கூட வேலையும் மணிக்கூலி. கைச்செலவுக்கு ஆகும், கட்டணம் குறையாது.

கே: உணவகத்தில் வேலை தருகிறார்கள், கையில் ரொக்கமாக. யாருக்கும் தெரியாது என்கிறார் நண்பர்.

வேண்டாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். படிப்பு முடித்தபின் 12 மாதமும், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பென்றால் மேலும் 24 மாதமும் வேலைப் பயிற்சிக்கு இடமிருக்கிறது. அதைப் பரோட்டாக் கூலிக்கு அடகு வைக்காதீர்கள்.

கே: டெக்சாஸில் மாணவர்கள் வகுப்புக்கே துப்பாக்கி கொண்டுவரலாமாமே? தூக்கம் வரவில்லை. (ஒரு தாய், சேலம்)

உண்மைதான். 2016 ஆகஸ்ட் 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் உரிமம் பெற்றவர்கள் மறைத்து எடுத்துவரலாம். ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறி ஒருவன் சுட்டுக்கொன்றதற்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, அதே தேதியில் அமலுக்கு வந்தது. பொதுவாக 21 வயதாகி உரிமம் வாங்கியிருக்க வேண்டும், வெளியே தெரியக்கூடாது, சில இடங்களில் தடையும் உண்டு. நடைமுறையில் உங்கள் மகள் இரண்டு வருடம் படித்து முடித்தாலும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம்.

இது சரியான சட்டமா என்று கேட்டால் எனக்கும் உடன்பாடில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்தின் அவசர எச்சரிக்கை குறுஞ்செய்திகள் அவள் கைபேசிக்கு வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாலையில் யாரோடும் ஹாரன் சண்டை வேண்டாம். முகவரி தெரியாமல் ராத்திரியில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.

கே: வாடகை ஒப்பந்தத்தில் நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடலாமா, தனித்தனியாகவா?

தனித்தனி கிடைத்தால் தனித்தனி. சேர்ந்து போட்டால், ஒருவர் டிசம்பரில் ஊருக்குத் திரும்பிவிட்டாலும் அவர் பங்கு மற்ற மூவர் தலையில். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி மறுவருடம் ஜூலைக் கடைசியில் முடியும். பழைய வீட்டைக் காலி செய்வதற்கும் புது வீட்டுச் சாவி வருவதற்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் தொங்கும். கட்டில், மெத்தையோடு எங்கே போவது என்று முன்பே கேட்டுவையுங்கள். காலி செய்யும்போது புது முகவரியை எழுத்தில் கொடுங்கள். கொடுத்தால் 30 நாளுக்குள் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும், அல்லது கழித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கையெழுத்துப் போடுமுன் மாணவர் சட்ட உதவி அலுவலகத்தில் காட்டுங்கள். அதற்கான பணம் உங்கள் கட்டணத்திலேயே போயிருக்கிறது.

கே: வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துகொள்கிறோம். ஊரில் செய்ததுதானே?

ஊரில் செய்தது அங்கே செல்லாது. பொய் சொல்வதில்லை, ஏமாற்றுவதில்லை, திருடுவதில்லை என்பதோடு, அப்படிச் செய்பவர்களைப் பொறுத்துக்கொள்வதுமில்லை என்பது அவர்கள் நெறி. அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள்: விடை கொடுத்தவரும் மாட்டுவார், குழுவில் சும்மா இருந்தவரும் பதில் சொல்ல வேண்டிவரும். நிரூபணமானால் மதிப்பெண் பட்டியலில் எஃப்பின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழலாம். ஏன் தோற்றார் என்று வேலை கொடுப்பவருக்கு அதுவே சொல்லிவிடும். சேர்ந்து செய்யலாமா, ஏ.ஐ. பயன்படுத்தலாமா என்பதைப் பாடத்திட்டத்தில் பாருங்கள். அதில் இல்லையென்றால் பேராசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கே: மிக்சி, குக்கர், கடாய் கொண்டுபோகலாமா? (அதே கோவை மாணவர்)

குக்கர் கொண்டுபோங்கள், மூன்று லிட்டர் போதும். கேஸ்கெட் இரண்டு கூடுதலாக வையுங்கள். கடாய் தட்டையான அடியாக இருக்கட்டும், மாணவர் குடியிருப்புகளில் பெரும்பாலும் மின் அடுப்புதான், உருண்டை அடி உட்காராது. மிக்சி வேண்டாம், அங்கே 110 வோல்ட், நம் ஊர் 230 வோல்ட் மிக்சி முக்கி முனகும், சட்னி அரையாது. 110 வோல்ட் மிக்சியை அமெரிக்காவிலேயே வாங்கலாம், ஊருக்குப் போகும் சீனியரிடம் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள். மிளகாய் தாளிக்கும்போது மின்விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். புகை எச்சரிக்கை மணி அலறினால் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றாதீர்கள், ஒப்பந்தத்தில் அதற்கு அபராதம் இருக்கும்.