சித்த விருத்தி: இது எந்த விருத்தி?

வணக்கம். பிரிக்பீல்ட்ஸ் யோக வகுப்பில் 'சித்த விருத்தி நிரோதமே யோகம்' என்று கேட்டதிலிருந்து, மனத்தின் வளர்ச்சியை ஏன் தடுக்க வேண்டும் என்று குழம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பிழை உங்களுடையதன்று, இரண்டு வடசொற்கள் தமிழ் எழுத்தில் ஒரே உருவம் பெற்றுவிடுகின்றன. வம்ச விருத்தி, தொழில் விருத்தி என்று நாம் வழங்குவது வளர்ச்சியைக் குறிக்கும் சொல். அதன் ஈற்றை வடமொழியார் 'புத்தி' என்பதைப் போல ஒலிப்பார்கள். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் (1.2) வருவதோ, 'கத்தி' போல ஒலிக்கும், சுழலுதல் என்னும் வேரிலிருந்து பிறந்த வேறொரு சொல்.

கடையில் தேநீரைக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்த பிறகும் குவளைக்குள் சுழி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சித்த விருத்தி என்பது மனத்தில் ஓடும் அத்தகைய ஓட்டம்தான். உறக்கத்தையும் நினைவையும்கூடப் பதஞ்சலி ஐந்து விருத்திகளுள் சேர்க்கிறார் (1.6) என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நிரோதம் என்பது அந்தச் சுழற்சி அடங்குதல். தேநீரைக் கையால் அமுக்கி நிறுத்த முடியாதல்லவா? ஆகவே, கண்ணை மூடியதும் எண்ணங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். இடைவிடாத பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது அடங்கும் என்றே சூத்திரம் (1.12) சொல்கிறது. அடுத்த வகுப்பில் 'விருத்தி' என்னும் சொல்லை மெதுவாக ஒலித்துக் காட்டும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.