பனிக்காலத்தில் மீனுக்குச் சிவப்புப் புண்

கேள்வி: எங்கள் 25 சென்ட் குளத்தில், மார்கழி பிறந்ததிலிருந்து கெண்டை மீன்கள் சிவப்புப் புண்ணோடு செத்து மிதக்கின்றன. யாரிடம் சொல்வது? அதுவரை என்ன செய்வது?
- வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: குளிரில் வரும் புண் நோயாக இருக்கலாம், அதற்குக் காரணம் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர். ஆனால் மீன் மேல் ஒட்டும் பேன் கடித்த இடமும் இப்படித்தான் சிவக்கும், ஆகவே பரிசோதனை அவசியம். கிருஷ்ணகிரி மீன்வளத் துறை அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள். 2023இல் வந்த 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' செயலியிலும் படத்தோடு பதியலாம். எந்தத் தேதியில் எத்தனை செத்தது, குஞ்சு எங்கே வாங்கியது, கடைசியாக என்ன போட்டீர்கள் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

செத்து ஊதிய மீன் சோதனைக்கு உதவாது. அதில் அழுகல் கிருமிதான் தெரியும். தள்ளாடி நீந்தும் நாலைந்தை உயிரோடு பிடித்து, பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு குளத்து நீர், மீதி ஆக்சிஜன் நிரப்பிக் கொடுங்கள். வழியில் செத்துவிட்டால் பையைச் சுற்றி ஐஸ் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

குளத்து நீரை ஏரிக்கோ பக்கத்து வயலுக்கோ திறக்காதீர்கள். வலையை இரவல் கொடுப்பதும் வேண்டாம், அதிலும் நோய் ஊர் சுற்றும். தீவனத்தைக் குறையுங்கள். செத்ததை அன்றன்றே குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நீரின் கார அமில அளவு (பி.எச்.) 8.5-க்குள் இருந்தால், உங்கள் 25 சென்ட் குளத்துக்கு 20 கிலோ சுண்ணாம்பைக் கரைத்து, ஆறவைத்து, காலையில் பரவலாகத் தெளிக்கலாம். புண் நோய்தான் என்று உறுதியானால் சிஃபாக்ஸ் மருந்து: இதே குளத்துக்கு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு 100 மில்லி, நீரில் கலந்து. கடைக்காரர் தரும் ஆன்டிபயாடிக் இந்த நுண்ணுயிரை ஒன்றும் செய்யாது.