ஸ்கேனில் மூன்று குழி, பேச்சில் ஒன்றும் இல்லை

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 76 வயது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அடிக்கடி தலைசுற்றுகிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையில் பழைய சிறு அடைப்புகள் மூன்று, வெண்பகுதியிலும் மாற்றம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அவருக்குப் பக்கவாதமே வந்ததில்லை. இன்றைக்கும் பேரனுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார், சுடோகு போடுகிறார். ஸ்கேன் தப்பா? இல்லை, இனிமேல்தான் மறதி வருமா?

பதில்: ஸ்கேன் தப்பாக இருக்காது. மூளையின் ஆழத்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. பல வருஷம் பிரஷர் அதிகமாக இருந்தால் அவற்றின் சுவர் தடித்து, ஏதாவது ஒரு குழாய் அடைத்துக்கொள்ளும். அது ஊட்டிய இடத்தில் 15 மில்லிமீட்டருக்குள் ஒரு குழி விழும். கைகால் அசைவுக்கான பாதையில் விழாவிட்டால் பெரும்பாலும் அவருக்கே தெரியாது.

ஒரே அளவு சேதம், ஒருவருக்குத் தடுமாற்றம், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் ‘அறிதிறன் சேமிப்பு’ என்கிறோம். எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது, ஏதோ பாங்கில் போட்டு வைத்த மாதிரி. உங்கள் அப்பாவுக்கு ஒரே கணக்கை மூன்று வழியில் போடத் தெரியுமல்லவா? ஒரு வழி அடைபட்டால் அவர் மூளையும் இன்னொரு வழியில் விடைக்குப் போகிறது. படிப்பு, வேலை, பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்து வந்த திறமை அது.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரிகளை வைத்து நடத்திய ஆய்வில், இறந்தபின் மூளைகளையும் பரிசோதித்தார்கள். மூளையில் அல்சைமர் என்ற மறதிநோய்க்கான மாற்றங்கள் இருந்தவர்களில், ஆழத்தில் ஒன்றிரண்டு சிறு அடைப்பும் சேர்ந்திருந்தவர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே மறதிநோய் வெளிப்பட்டிருந்தது மிக அதிகம் என்று 1997-இல் எழுதினார்கள்.

அந்த எல்லை எப்படித் தலைகாட்டும்? என்னிடம் ஒரு பிழைதிருத்துநர் வந்தார். ஞாபகச் சோதனையில் 30-க்கு 29. அப்புறம் 1-அ-2-ஆ என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்கச் சொன்னேன். 4-ஈ வரை சரளம். 5-இல் பேனா நின்றது. உதட்டுக்குள் ‘அ, ஆ, இ’ என்று முதலிலிருந்து சொல்லிப் பார்த்துத்தான் உ-வுக்குப் போனார். ஒரு தப்பும் இல்லை, நான்கு நிமிஷம் ஆனது. அவர் மனைவி சொன்னார்: “முன்னெல்லாம் நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வரும் டாக்டர்.” ரத்தக்குழாய்க் கோளாறில் பெரும்பாலும் ஞாபகத்துக்கு முன்னால் வேகமும் திட்டமிடுவதும்தான் குறையும். நன்றாகப் படித்தவர்கள் சின்னச் சோதனைகளில் தேறிவிடுவார்கள். அதனால் அப்பாவை ஊராரோடு ஒப்பிடாதீர்கள், இரண்டு வருஷத்துக்கு முந்தைய அப்பாவோடு ஒப்பிடுங்கள்.

சுடோகு போடட்டும், தப்பில்லை. ஆனால் அது பெரும்பாலும் சுடோகுவில்தான் கெட்டிக்காரராக்கும். பேரனுக்குப் புரியவைக்க அவர் படும் பாடு அதைவிட உசத்தி என்பேன். நடையும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் பிரஷர். மேல் அளவை 120-க்குக் கீழே வைத்தவர்களையும் 140-க்குக் கீழே வைத்தவர்களையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வில், யோசிக்கும் திறனும் ஞாபகமும் லேசாகக் குறைந்தவர்கள் முதல் குழுவில் குறைவு என்று 2019-இல் முடிவு வந்தது. அதில் சர்க்கரை நோயாளிகளையும் பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. ஆகவே அப்பாவுக்கு எந்த அளவு என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பிரினையும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

அடுத்த முறை போகும்போது பிரஷரைப் படுத்தபடி ஒரு தடவை, எழுந்து நின்றபின் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எழுந்ததும் சட்டென்று இறங்கினால், தலைசுற்றலுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.