எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயை ஜிபிஜி கையெழுத்தை வைத்துச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: மதுரை அண்ணா நகரில் சிறிய மென்பொருள் அலுவலகம். சர்வர்கள் எல்லாம் வெளியூர் டேட்டா சென்டரில். பாதிப்பேர் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். புது லேப்டாப்பில் எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் நிரல்) போட்டால், சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீயின் சுருக்கத்தை ஃபிங்கர்பிரிண்ட் என்று காட்டி, தொடரலாமா என்று கேட்கிறது. எல்லோரும் பார்க்காமலே ‘எஸ்’, அதாவது ஆம், என்று அடிக்கிறார்கள். எங்களிடம் ஜிபிஜி (டிஜிட்டல் கையெழுத்து போடும் நிரல்) கீ இருக்கிறது. ஒருவர் கீயில் இன்னொருவர் கையெழுத்திட்டு உறுதிசெய்யும் வெப் ஆஃப் டிரஸ்ட் மூலம் இதைச் சரிபார்க்க வழி உண்டா?

பதில்:

உண்டு. ஆனால் கீகளைப் பொதுவில் ஏற்றி வைக்கும் கீசர்வரை நம்பி இறங்காதீர்கள். உங்கள் அட்மின் தன் ஜிபிஜி கீயால் ஹோஸ்ட் கீ பட்டியலில் கையெழுத்திட வேண்டும்; ஊழியர்கள் அந்த அட்மினின் கீயை ஒருமுறை நேரில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் அளவுக்கு இதுவே போதும்.

பார்க்காமல் ‘எஸ்’ அடித்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு வைத்து உள்ளே போகிறவர் என்றால், உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பாஸ்வேர்டு அப்படியே போய்விடும். கீ வைத்துப் போகிறவருக்கு ஆபத்து குறைவு. அந்த இணைப்புக்கென்றே போடப்படும் கையெழுத்தை அவன் நிஜ சர்வரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியாது. ஆனாலும் அவனே சர்வர் மாதிரி நடிக்கலாம். நீங்கள் ஏற்றும் டேட்டாபேஸ் நகல், நிர்வாகி உரிமைக்காக அடிக்கும் சூடோ பாஸ்வேர்டு எல்லாம் அவன் கைக்குப் போகும். உங்கள் கீயைச் சர்வர் வழியாகவும் பயன்படுத்த விடும் ஏஜென்ட் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் இன்னும் மோசம்: அந்த நேரத்துக்கு உங்கள் பெயரில் வேறு சர்வர்களுக்குள்ளும் அவன் நுழையலாம்.

நீங்கள் கேட்பதை அப்படியே செய்ய மங்கிஸ்பியர் என்று ஒரு திட்டம் இருந்தது. சர்வரின் ஹோஸ்ட் கீயை ஓப்பன்பிஜிபி (ஜிபிஜி பின்பற்றும் தரம்) கீயாக மாற்றி, ‘எஸ்எஸ்எச்’ என்று தொடங்கும் முகவரியையே அதற்குப் பெயராக வைத்து, அட்மின் அதில் கையெழுத்திட்டுக் கீசர்வரில் ஏற்றிவிடுவார். இணையும்போது ப்ராக்ஸி கமாண்ட் (இணைப்பை ஏற்படுத்த எஸ்எஸ்எச் ஓட்டும் கட்டளை) வழியாக அந்தக் கீயைத் தேடி எடுத்து, நம்பகமானவர் கையெழுத்து இருந்தால் மட்டும் நம்பும் ஹோஸ்ட் கீகளை எஸ்எஸ்எச் குறித்துவைக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிக்கொள்ளும். அருமையான யோசனை. ஆனால் அது நின்ற தரை போய்விட்டது. 2019 ஜூனில் சிலரின் கீகள் மீது ஆயிரக்கணக்கான குப்பைக் கையெழுத்துகளைக் கொட்டி, அவற்றை இறக்கினாலே ஜிபிஜி முடங்கும்படி செய்துவிட்டார்கள். அதன்பின் 2.2.17 பதிப்பிலிருந்து, கீசர்வரிலிருந்து வரும் அடுத்தவர் கையெழுத்துகளை ஜிபிஜி இயல்பாகவே விட்டுவிடுகிறது. இப்போது பலரும் பயன்படுத்தும் கீஸ் டாட் ஓப்பன்பிஜிபி டாட் ஆர்க் சர்வர், மின்னஞ்சலில் உறுதிசெய்த பெயரை மட்டுமே வெளியிடும். சர்வர் முகவரியைப் பெயராகக் கொண்ட கீக்கு அங்கே வழியில்லை. அதனால் கையெழுத்தைப் பட்டியலோடு சேர்த்து நீங்களே அனுப்புவதுதான் சரி.

இனி வேலை. ஒவ்வொரு சர்வரின் ஃபிங்கர்பிரிண்ட்டையும் எஸ்எஸ்எச் அல்லாத வழியில் எடுங்கள். டேட்டா சென்டர்காரர் தரும் வெப் கன்சோலில் நுழைந்து, ஈடிசி டைரக்டரிக்குள் இருக்கும் எஸ்எஸ்எச் டைரக்டரியில் ‘பப்’ என்று முடியும் ஹோஸ்ட் கீ கோப்புகளை எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்கு எல், எஃப் என்ற ஆப்ஷன்களோடு கொடுத்தால் வந்துவிடும். முதல் பூட்டில் சர்வரைத் தயார் செய்யும் கிளவுட்-இனிட் உள்ள சர்வர் என்றால் முதல் பூட் பதிவிலேயே அச்சாகியிருக்கும். நெட்வொர்க் வழியாக ஹோஸ்ட் கீயைக் கேட்டு வாங்கும் எஸ்எஸ்எச்-கீஸ்கேன் கட்டளையைப் போட்டு வருவதை அப்படியே பட்டியலில் சேர்ப்பது கூடாது. அது வந்த கீயை எதனோடும் ஒப்பிடாது. நெட்வொர்க்கில் யார் பதில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும். கீயைத் திரட்ட அதைப் பயன்படுத்தலாம், ஆனால் திரட்டியதைக் கன்சோலில் பார்த்ததோடு ஒப்பிட்டே தீர வேண்டும். ஃபிங்கர்பிரிண்ட் ஷா256 முறையில் கணக்கிட்டது என்றால் 43 எழுத்துகள். ஓப்பன்எஸ்எஸ்எச் 6.8-க்கு முந்தைய பழைய மெஷின் எம்டி5 முறையில் காட்டும், அதாவது 16 ஜோடி ஹெக்ஸ். இரண்டும் ஒத்துவரவில்லையே என்று பதறாதீர்கள், ஒரே கீயின் இரண்டு வடிவங்கள்தான் அவை.

பட்டியலை நோன் ஹோஸ்ட்ஸ் வடிவத்திலேயே எழுதுங்கள்: பெயர், ஐபி, கீ. போர்ட் 22 அல்லாத சர்வருக்குப் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பின்னால் முக்காற்புள்ளியும் போர்ட் எண்ணும் வர வேண்டும். பலரும் கோட்டை விடுவது இதில்தான்: பட்டியலில் இருந்தும் கேள்வி மறுபடி வருகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். இடி25519, ஆர்எஸ்ஏ என்று சர்வர் வைத்திருக்கும் எல்லா வகைக் கீயையும் சேருங்கள். மேலே ஹேஷ் குறியிட்ட வரியில் தேதியும் வரிசை எண்ணும் இருக்கட்டும். இல்லாவிட்டால் போன வருடப் பட்டியலை அதன் செல்லுபடியாகும் கையெழுத்தோடு எடுத்து ஒருவன் உங்கள் ஆட்களிடம் தள்ளிவிடலாம். கையெழுத்து சரியாகத்தான் இருக்கும், பட்டியல் பழையதாக இருக்கும்.

கையெழுத்தைத் தனிக் கோப்பாகப் போடுங்கள், அதாவது டிடாச் சைன். உரையும் கையெழுத்தும் ஒரே கோப்பில் இருக்கும் கிளியர்சைன் வேண்டாம். அதில் கையெழுத்திட்ட பகுதிக்கு மேலேயோ கீழேயோ யாராவது ஒரு வரியைச் செருகினாலும், உள்ளே இருப்பது சரி என்பதால் ஜிபிஜி ‘குட் சிக்னேச்சர்’ என்றே சொல்லும். மொத்தக் கோப்பையும் நகலெடுத்தவர் செருகிய வரியையும் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது அட்மின் கீயைச் சரிபார்ப்பது. இதில் குறுக்கு வழி தேடாதீர்கள். எல்லோரும் அலுவலகம் வரும் நாளில் அட்மின் தன் ஃபிங்கர்பிரிண்ட் 40 ஹெக்ஸ் எழுத்துகளையும் அச்சிட்டுக் கையில் கொடுக்கட்டும். உசிலம்பட்டிக்காரர் அன்று வர முடியாவிட்டால், அவருக்கு ஏற்கெனவே பழக்கமான குரலில் போனில் 40-ஐயும் வாசிக்கலாம். கடைசி எட்டு எழுத்து மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2016-ல் லினஸ் டோர்வால்ட்ஸின் கீக்கே அதே எட்டு எழுத்தோடு போலி கீ கீசர்வர்களில் கிடந்தது. சரிபார்த்த பின் ஊழியர் தன் லேப்டாப்பில் எல்சைன் போட்டுக்கொள்ளட்டும். அது உள்ளூர்க் கையெழுத்து, வெளியே போகாது.

வெப் ஆஃப் டிரஸ்ட்டில் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு கீ இன்னாருடையதுதான் என்பது வேறு; அந்த ஆள் அடுத்தவர் கீயைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் அதை நம்பலாமா என்பது வேறு. சம்பந்தம் பேசும்போது தரகரை நமக்குத் தெரியும் என்பதற்காக அவர் சொல்லும் இடத்தில் விசாரிக்காமல் கை நனைப்பதில்லையே, அப்படித்தான். முதலாவதை எல்சைன் செய்கிறது. இரண்டாவது ஓனர்டிரஸ்ட், எடிட்-கீ மெனுவில் டிரஸ்ட் என்று தனியாகக் கொடுக்க வேண்டும். இயல்பு அமைப்பில் முழு நம்பிக்கை கொடுத்தவர் ஒருவரோ, அரை நம்பிக்கை கொடுத்தவர் மூவரோ கையெழுத்திட்ட கீ செல்லும். சங்கிலி ஐந்து கண்ணி வரை போகும். நாளை இரண்டாவது அட்மின் வந்தால் இது கைகொடுக்கும்: முதல் அட்மின் அவர் கீயில் வெளியே அனுப்பத்தக்க கையெழுத்திட்டு, கீயை எக்ஸ்போர்ட் செய்து நேரடியாக அனுப்பினால், முதல் அட்மினுக்கு முழு நம்பிக்கை கொடுத்திருக்கும் எல்லோர் லேப்டாப்பிலும் அது தானே செல்லுபடியாகும். மறுபடி எல்லோரையும் மதுரைக்கு வரவழைக்க வேண்டாம்.

ஸ்கிரிப்ட்டில் சரிபார்ப்பதாக இருந்தால் கவனம். கீரிங்கில் (ஜிபிஜி கீகளைச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பு) இருக்கும் எந்தக் கீ கையெழுத்திட்டிருந்தாலும், அதை நீங்கள் சரிபார்த்திருக்காவிட்டாலும், ஜிபிஜி வெரிஃபை வெற்றி என்றே திரும்பும். எச்சரிக்கை வரி திரையில் மட்டும் ஓடும். அட்மின்களின் கீ மட்டும் உள்ள தனிக் கீரிங்கை வைத்து கையெழுத்தைச் சரிபார்க்க மட்டுமே உள்ள ஜிபிஜிவி கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

சரிபார்த்த பட்டியலை ஈடிசி எஸ்எஸ்எச் டைரக்டரியில் எஸ்எஸ்எச் நோன் ஹோஸ்ட்ஸ் என்ற பொதுக் கோப்பாக வைத்து, தெரியாத கீயை மறுக்கச் சொல்லும் ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்கை ‘எஸ்’ ஆக்குங்கள். அதற்குமுன் ஒவ்வொருவரின் சொந்த நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் ஓரம் கட்டிவிடுங்கள். எஸ்எஸ்எச் இரண்டையும் பார்க்கும். முன்பு கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற தவறான கீ அதில் இருந்தால் இன்றைக்கும் அது செல்லும். அவசரத்துக்குப் பட்டியல் இல்லாத லேப்டாப்பில் இணைய வேண்டுமென்றால், ‘எஸ்’ என்பதற்குப் பதில் பட்டியலிலிருந்து எடுத்த ஃபிங்கர்பிரிண்ட்டையே அந்தக் கேள்விக்கு ஒட்டுங்கள், ஓப்பன்எஸ்எஸ்எச் 8.0 முதல் இது உண்டு. பொருந்தினால்தான் தொடரும்.

சர்வரை மறுபடி நிறுவினால் ஹோஸ்ட் கீ மாறி, பெரிய எச்சரிக்கை வரும். பழைய கீயை முன்பே பாதுகாப்பாக எடுத்து வைத்துத் திருப்பிப் போடுங்கள், அல்லது புதுப் பட்டியலைக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு மாற்றுங்கள். பிந்தினால் ஆட்கள் பழைய வரியை அழித்துவிட்டு ‘எஸ்’ அடிக்கத் தொடங்குவார்கள். 2023 மார்ச்சில் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை அவசரமாக மாற்றியபோது, புது ஃபிங்கர்பிரிண்ட்டைத் தளத்தில் வெளியிட்டது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே அந்த எச்சரிக்கையால் பயன்.

சர்வர்கள் இருபது முப்பது என்று பெருகினால் பட்டியலை விட்டுவிட்டு எஸ்எஸ்எச் சான்றிதழுக்கு மாறுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் 5.4 முதலே, அதாவது 2010 முதலே இருக்கிறது. ஒரு சிஏ (சான்றிதழ் வழங்கும்) கீயால் ஒவ்வொரு ஹோஸ்ட் கீயிலும் கையெழுத்திட்டுவிட்டால், ஊழியர் பக்கம் சர்ட்-அத்தாரிட்டி என்று ஒரே வரி போதும். அந்த ஒரு வரிக்கு ஜிபிஜி கையெழுத்து போட்டு அனுப்புங்கள்.

அட்மின் வேலையை விட்டுப் போனால் அவர் கீயை ரிவோக் (ரத்து) செய்வதோடு நிற்காதீர்கள். ஜிபிஜிவி ரிவோக் ஆனதையோ காலாவதியானதையோ பார்க்காது. தனிக் கீரிங்கில் இருக்கும் வரை ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு லேப்டாப்பின் கீரிங்கிலிருந்தும் அந்தக் கீயை அன்றைக்கே எடுத்துவிட்டு, அடுத்த வரிசை எண்ணோடு புதுப் பட்டியலை இருக்கும் அட்மின் கையெழுத்தில் வெளியிடுங்கள்.