அமெரிக்காவில் சிறுபான்மை மாணவர் அதிகம் படிக்கும் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். கோடை ஆராய்ச்சித் திட்டங்களால் எனக்கும் மாணவர்களுக்கும் உண்மையில் பயன் உண்டா?

டெக்சஸில் ஹிஸ்பானிக் மாணவர் நிறைந்த ஒரு சிறிய கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள், எச்1பி விசா, க்ரீன் கார்டுக்கு இப்போதுதான் விண்ணப்பம் போயிருக்கிறது, கோடையில் இரண்டு மாணவரைக் கூட்டிக்கொண்டு தேசிய ஆய்வகத்துக்குப் போகலாம் என்று சக ஆசிரியர் ஆசை காட்டுகிறார். அது நடக்கிற காரியமா, எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும். ஆனால் இந்த வருஷம் கோடைத் திட்டத்தில் நீங்கள் சேர முடியாது, உங்கள் மாணவர்கள் சேரலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தகுதி விதியைக் கடைசியில் படித்துவிட்டு, எழுதிய ப்ரபோசலை மூட்டை கட்டி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசுப் பணத்தில் நடக்கும் கோடைத் திட்டங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். எரிசக்தித் துறையின் வருகை ஆசிரியர் திட்டமும் (வி.எஃப்.பி.), அதே துறையின் மாணவர் இன்டர்ன்ஷிப்பும் (சுலி) அப்படித்தான். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்.இ.யூ. என்ற இளநிலை மாணவர் ஆராய்ச்சித் திட்டத்திலும் மாணவர்களுக்கு இதே விதிதான். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்திவந்த கோடை ஆராய்ச்சிக் குழுத் திட்டம், ஒரு ஆசிரியர் இரண்டு மாணவர் என்று நம் மாதிரிக் கல்லூரிகளுக்கென்றே வந்தது, அதில் க்ரீன் கார்டும் போதாது, குடியுரிமையே வேண்டும். போதாக்குறைக்கு எச்1பியில் இருந்துகொண்டு வேறு இடத்தில் ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) வாங்குவது விசாவுக்கே ஆபத்து. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நான் தென்மாநிலம் ஒன்றில் ஒரு எச்பிசியுவில் பாடம் எடுக்கிறேன். கறுப்பின மாணவர்களுக்காக 1964க்கு முன்பே தொடங்கப்பட்டவற்றைத்தான் சட்டப்படி அப்படிச் சொல்வார்கள், நாடு முழுக்க 100 கல்லூரி அளவுக்கு இருக்கின்றன. உங்களுடையது எச்எஸ்ஐ, அதற்கு வரலாறு கணக்கில்லை, இளநிலை மாணவர்களில் கால்வாசிப் பேராவது ஹிஸ்பானிக்காக இருந்தால் போதும், அந்த வகையில் 600 வாக்கில் உண்டு. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மலையும் மடுவும் சேர்ந்து நிற்கின்றன. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகமும் 2020லிருந்து எச்எஸ்ஐதான். அங்கே இருக்கிற கருவிகளும் ஆராய்ச்சிப் பணமும் என்ன, செமஸ்டருக்கு நான்கு பாடம் எடுத்துவிட்டுச் சாயங்காலம் லேப் பக்கம் எட்டிப்பார்க்கும் நம் நிலை என்ன. எச்பிசியுக்களில் ஆர்1 என்ற உயர் ஆராய்ச்சித் தகுதி இப்போதைக்கு வாஷிங்டனில் இருக்கும் ஹாவர்டு (Howard) பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான், அதுவும் 2025ல் கிடைத்தது. எனவே "எங்களுடையது சிறுபான்மையினர் படிக்கும் கல்லூரி" என்று ப்ரபோசலில் ஒரு வரி எழுதினால் கதவு திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உங்கள் கல்லூரியில் என்ன இல்லை, என்ன இருக்கிறது என்று விவரமாக எழுதினால்தான் படிப்பவருக்கு உறைக்கும்.

சரி, பயன் என்ன? பணத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். நமக்குச் சம்பளம் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்குத்தான். பெரிய பல்கலைக்கழகத்து ஆசிரியர் தன் கிராண்டிலிருந்து கோடைச் சம்பளம் எடுத்துக்கொள்வார், நாம் கோடை வகுப்பு எடுப்போம், அதில் ஆராய்ச்சிக்கான நேரம் போய்விடும், ஆராய்ச்சி இல்லாததால் கிராண்டும் வராது. பத்து வாரத்துக்கு ஒருவர் பணமும் கொடுத்து, கருவியும் கொடுத்து, வகுப்பும் இல்லாமல் உட்கார வைக்கிறார் என்றால் அந்தச் சுழலை ஒரு இடத்திலாவது வெட்டலாம். மாணவர்கள் கதையும் இதேதான். என்னிடம் படிப்பவர்களில் பலர் கோடை முழுக்கக் கிடங்கிலோ கடையிலோ இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள். "ஆராய்ச்சி அனுபவம் கிடைக்கும், சம்பளம் கிடையாது" என்று சொன்னால் அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும், காருக்குத் தவணை கட்ட வேண்டாமா? ஆர்.இ.யூ., சுலி போன்றவற்றில் வாரம் 600 முதல் 700 டாலர் வாக்கில் வருகிறது, தங்குமிடத்துக்கும் பல இடங்களில் தனியாக உதவி உண்டு. அதனால்தான் வீட்டில் சம்மதிக்கிறார்கள்.

ஆனால் பணத்தை விடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. நம் கல்லூரிகளில் கருவி ஒன்றுதான் இருக்கும், பழையதாகவும் இருக்கும், அது பழுதானால் சரிசெய்யப் பணம் இருக்காது. ஆகவே நாமே மாணவரை அதன் கிட்டே விடமாட்டோம். தேசிய ஆய்வகத்தில் நேர் எதிர். என்னோடு வந்த ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், அவளிடம் ஒரு டெக்னீஷியன் கண்ணாடிக் கேப்பில்லரிக் குழாயையும் பொடியையும் கொடுத்து நிரப்பச் சொன்னார். குழாயின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. பொடி வாயிலேயே அடைத்துக்கொள்ளும், தட்டினால் குழாய் உடையும். உடைந்தது, திரும்பத் திரும்ப உடைந்தது. யாரும் திட்டவில்லை, அந்த டெக்னீஷியன் பக்கத்தில் வந்து ஒரு சின்ன அரத்தை எடுத்துக் குழாயின் உடம்பில் மெதுவாக உரசிக் காட்டினார், அந்த அதிர்வில் பொடி தானாகக் கீழே இறங்கியது. கடைசி வாரத்தில் புதிதாக வந்த வேறொரு பல்கலைக்கழக மாணவனுக்கு இவள் அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபின் என் லேபில் அவள் கேள்வி கேட்கும் விதமே மாறிவிட்டது.

பத்து வாரம் என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். முதல் வாரம் அடையாள அட்டைக்கும் ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சிக்கும் போகும், கதிர்வீச்சு, ரசாயனம், லேசர் என்று வரிசையாக. கடைசி வாரம் போஸ்டருக்கும் அறிக்கைக்கும். நடுவில் கருவி கிடைக்காத நாட்களும் வரும். மிச்சமிருப்பதில் முடிகிற அளவுக்கு ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். உலகத்தைப் புரட்டுகிற திட்டத்தோடு வருபவர்கள் ஆகஸ்டில் பாதி டேட்டாவோடு ஊர் திரும்புகிறார்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எரிசக்தித் துறைக்கு மொத்தம் 17 தேசிய ஆய்வகங்கள். அவற்றில் சிகாகோ பக்கத்து ஆர்கான், நியூயார்க்கில் லாங் ஐலண்டு புரூக்ஹேவன், டென்னசியில் ஓக் ரிட்ஜ் போன்ற இடங்களில் எக்ஸ்ரே, நியூட்ரான் கருவிகளை வெளியார் பயன்படுத்தவென்றே திறந்து வைத்திருக்கிறார்கள். ப்ரபோசல் எழுதி அது தேறினால் பீம்டைம் (அந்தக் கருவியில் உங்களுக்கு ஒதுக்கும் நேரம்) இலவசம், முடிவை வெளியிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இதற்குக் குடியுரிமை தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு, உங்கள் கல்லூரியின் ஊழியராகவே போகலாம், ஸ்டைபெண்ட் வாங்காததால் விசாச் சிக்கலும் வராது. உள்ளே நுழைய அனுமதி வாங்க மட்டும் வாரக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே படிவம் போட்டுவிடுங்கள். சில பீம்லைன்களில் (எக்ஸ்ரே, நியூட்ரான் கற்றை வந்து சேரும் அளவை நிலையங்களில்) மாதிரியைத் தபாலில் அனுப்பினாலே அளந்து டேட்டாவை அனுப்பிவிடுகிறார்கள். நம்மைப் போல வருஷம் முழுக்க வகுப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வரப்பிரசாதம், ஆனால் நம்மவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

மாணவர்களைச் சுலிக்கும் ஆர்.இ.யூ.வுக்கும் தனியாக விண்ணப்பிக்க வையுங்கள். ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் வரை கடைசித் தேதிகள் வரிசையாக வரும், சுலிக்குப் பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியிலேயே முடிந்துவிடும். குளிர்கால விடுமுறையில் மாணவர் மெயிலே பார்க்கமாட்டார், எனவே நவம்பரிலேயே உட்கார வைத்து எழுத வையுங்கள். அப்புறம் இன்னொன்று. உங்கள் கல்லூரியில் டாக்கா மாணவர்கள் (சிறுவயதில் ஆவணமின்றி வந்து, நாடு கடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்கள்), ஆவணம் இல்லாத மாணவர்கள் இருப்பார்கள், நல்ல மார்க் வாங்குபவர்களாகவும் இருப்பார்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் "நீ ஏன் விண்ணப்பிக்கவில்லை" என்று ஒருவரைத் தனியாகக் கேட்காதீர்கள். தகுதி விதியை அறிவிப்பிலேயே தெளிவாகப் போட்டு, கூடவே கல்லூரியின் சொந்தப் பணத்திலோ தனியார் நிதியிலோ நடக்கும் திட்டங்களையும் சேர்த்துப் போட்டால், யாரும் எதையும் வெளியே சொல்லாமல் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வார்கள்.

க்ரீன் கார்டு வந்த பிறகு வி.எஃப்.பி.க்குப் போங்கள், இரண்டு மாணவர் வரை கூட்டிப்போகலாம். அதற்கான வேலை விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆய்வக விஞ்ஞானி ஒருவரோடு சேர்ந்து எழுதிய ப்ரபோசல் வேண்டும், அவரை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரிலேயே மெயில் போட வேண்டும். "தங்கள் ஆய்வு கண்டு வியந்தேன்" என்று தொடங்கும் மெயில்கள் அவர்களுக்கு நாள்தோறும் வருகின்றன, அப்படியே குப்பைக்குப் போகும். அவருடைய எந்தக் கட்டுரையில் எந்தப் படத்தைப் பார்த்தீர்கள், உங்களிடம் என்ன மாதிரி இருக்கிறது, உங்கள் லேபில் எது முடியவில்லை என்று மூன்று பத்தியில் முடியுங்கள். "எங்களிடம் மாங்கனீஸ் ஆக்ஸைடு மாதிரிகள் இருக்கின்றன, எங்கள் கருவியில் இரண்டு ஃபேஸும் (படிக அமைப்பும்) பிரியவில்லை, உங்கள் பீம்லைனில் பிரியுமா?" இப்படிக் கேட்டால் பதில் வரும், முடியாது என்றாலும் வேறு யாரிடமாவது கைகாட்டி விடுவார். உங்கள் மாணவர்கள் எந்த வேலையைக் கையால் செய்யத் தெரிந்தவர்கள் என்பதையும் எழுதுங்கள். ஸ்டைபெண்டைத் திட்டம் கொடுத்துவிடும், விஞ்ஞானிக்குச் செலவாவது அவருடைய நேரம், அதைத்தான் அவர் கணக்குப் பார்ப்பார். இப்போது பீம்டைமுக்கு எழுதுகிறீர்கள் அல்லவா, அதில் பழக்கமாகும் விஞ்ஞானியே பின்னால் உங்கள் வி.எஃப்.பி. துணையாக வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

சூழ்நிலை மாறிக்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் கல்வித் துறை எச்எஸ்ஐ உள்ளிட்ட பல வகைக் கல்லூரிகளுக்கான நிதியில் 350 மில்லியன் டாலர் வாக்கில் நிறுத்தியது. எச்பிசியுக்களும் பழங்குடிக் கல்லூரிகளும் அதில் தப்பின, இன்னும் சொல்லப்போனால் கூடுதலாகவே கிடைத்தது. உங்கள் வகைக் கல்லூரிக்குத்தான் அடி. தேசிய அறிவியல் அறக்கட்டளையிலும் அந்த வருஷம் பல கிராண்டுகள் ரத்தாயின. பழைய இணையப் பக்கத்தில் இருக்கிற திட்டம் இந்த வருஷமும் ஓடுகிறதா என்று திட்ட அலுவலருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்காமல் எதற்கும் மெனக்கெட வேண்டாம். என் கணிப்பு, "சிறுபான்மையினர்" என்ற பெயரைத் தாங்கி வரும் திட்டங்களை நம்பி இருப்பதை விட, எல்லோருக்கும் பொதுவான பீம்டைம், சுலி பக்கம் காலை ஊன்றிக்கொள்வதுதான் இப்போதைக்கு உத்தமம். வருத்தமான கணிப்புதான், இந்தத் திட்டங்கள் வந்த காரணம் ஒன்றும் மறைந்துவிடவில்லை.

மாணவரை அனுப்பும்போது நடைமுறையில் இரண்டு விஷயம். ஆய்வகங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும், ஓக் ரிட்ஜ் மாதிரி இடத்தில் கார் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். வளாகத்திலேயே விடுதி இருக்கிற இடமாகப் பார்த்து அனுப்பினால் நல்லது. முதல் ஸ்டைபெண்ட் கைக்கு வரச் சில வாரம் ஆகும், ஆனால் அறைக்கு அட்வான்ஸை முதல் நாளே கேட்பார்கள். எங்கள் டீனிடம் பேசி, துறைக் கணக்கிலிருந்து முன்பணம் கொடுத்துப் பிறகு திருப்பி வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம், உங்கள் டீனிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, ஸ்டைபெண்டுக்கு வரி உண்டு, ஆனால் பல திட்டங்களில் முன்கூட்டிப் பிடிக்கமாட்டார்கள். முழுப்பணமும் கைக்கு வந்ததும் தீர்த்துவிட்டு அடுத்த ஏப்ரலில் மாணவர் விழிப்பார். வரும்போதே ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள், கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திலும் அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த வருமானம் பின்னால் நிதியுதவி விண்ணப்பத்திலும் ஏறும்.