கப்பிக்குக் கேன் தண்ணீர் எதற்கு?

கேள்வி: புதிதாக வாங்கிய 40 லிட்டர் தொட்டியில் அன்றைக்கே பத்து கப்பி மீன்கள் விட்டேன். வாரம் ஒருமுறை தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீர் நிரப்புகிறேன். ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் நன்றாகக் கழுவுகிறேன். கடைக்காரர் தந்த நீல மருந்தும் விடுகிறேன். மூன்று வாரத்தில் ஆறு மீன்கள் செத்துவிட்டன. என்ன நோய்?
– வாசகி, தாம்பரம்

பதில்: நோயாக இருக்காது, அம்மா. சுத்தம் பார்த்துப் பார்த்தே சாகடித்திருக்கிறீர்கள்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. தண்ணீர் பளிங்காகத் தெரியும். மீனோ மேலே வந்து வாயைப் பிளக்கும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் பஞ்சில் குடியேற ஒரு மாதமாவது ஆகும். நீங்கள் வாராவாரம் கழுவிக் காலிசெய்திருக்கிறீர்கள். புதுத் தொட்டியோடு பத்து மீனையும் கட்டிக்கொடுத்தவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்றைய வியாபாரம் போய்விடும்.

நீல மருந்து பூஞ்சைக்கு, அதுவும் தனித் தொட்டியில். ஃபில்டர் ஓடும் தொட்டியில் ஊற்றினால் அந்த நுண்ணுயிர்களுக்கும் கேடு. மீன் செத்தால் மருந்து, மருந்து தீர்ந்தால் மீன் என்று கல்லாப்பெட்டி மட்டும் ஆரோக்கியமாக இருக்கிறது. அலங்கார மீன் கடைகளுக்கென்று மத்திய அரசு 2017-இல் விதிகள் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டில் சுருட்டி வைத்துவிட்டது. வாங்குகிறவர்தான் உஷாராக இருக்க வேண்டும்.

கேன் தண்ணீரை நிறுத்துங்கள். கப்பிக்குத் தாது உப்புகள் கலந்த கடினநீர்தான் ஒத்துக்கொள்ளும், கேன் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. முறையில் அந்த உப்புகள் பெரும்பாலும் போய்விடுகின்றன. பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீரே போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில போர்களில் இரும்பு அதிகம். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் பழுப்பேறும், துரு வாடை வரும். அதை அப்படியே ஊற்றாதீர்கள். வாளியில் காற்றுக்குழாய் போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். பிறகு நிறுத்திவைத்து, துரு அடியில் படிந்ததும் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றுங்கள். படியாவிட்டால் பக்கத்து வீட்டு போரைக் கேளுங்கள். குழாயில் குளோரின் கலந்த தண்ணீர் வந்தால், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் போதும்.

இந்த ஒரு மாதம் இரண்டு நாளுக்கொருமுறை கால்பங்கு மட்டும் மாற்றுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான்.

அதுவரை புது மீன் வாங்க வேண்டாம். மிச்சமுள்ள நான்கில் ஆணோடு சேர்ந்த பெண் ஒன்று பிழைத்தாலே போதும்; விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதங்களுக்குக் குட்டி போடும். குட்டிகள் பெருகிவிட்டன என்று மட்டும் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள்.